விடியற்கால நாடி

மலையடிவாரத்து மருத்துவச் சாலையில், வைத்தியர் அங்கயற்கண்ணி அம்மையாரிடம் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பயின்றுவந்தார் திருமலையப்பன். நாடி பார்ப்பதில் அவர் விரல் தவறியதில்லை என்று ஊர் சொல்லும். அவரும் சொல்வார்.

செண்பகவடிவுக்கு நாற்பத்தொன்பது வயது. மாதவிலக்கு நின்று ஓராண்டாகியிருந்தது. நெஞ்சிலிருந்து திடீரென்று அனல் ஏறுகிறது, உறக்கமில்லை, காரணமின்றி அழுகை வருகிறது என்றார்.

திருமலையப்பன் மூன்று நாள், விடியலில், அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். சீராக இருந்தது. செண்பகவடிவோ கொடுத்த கஷாயத்தை முகர்ந்துவிட்டு, வாயை அடைக்கிற மருந்தா என்று கேட்டார். நோயே இல்லையோ என்ற திருமலையப்பனின் ஐயம் வலுத்தது.

மூன்றாம் நாள் கணவர் வாசலில் வண்டியோடு காத்திருந்தார். நோய் இல்லையென்றால் பேய்தான் என்றார். அன்று மாலையே வேப்பிலை அடிக்கப் பூசாரியிடம் சொல்லி வைத்திருந்தார்.

திருமலையப்பன் ஆசிரியையிடம் போனார்.

"அம்மா, அவள் நடிக்கிறாள். வீட்டு வேலைக்குப் பயந்து வந்திருக்கிறாள்."

"அனல் எந்த வேளையில் வருகிறதாம்?"

"கணவரைக் கேட்டேன். தெரியாது என்றார்."

"அனல் அவருக்கா வருகிறது?"

மாலை வரை அந்த அம்மாளின் அருகிலேயே இருக்கும்படி அம்மையார் சொன்னார்.

திருமலையப்பன் போய் உட்கார்ந்தார். செண்பகவடிவு முறத்தில் சுக்குத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"திருடியைக் காவல் காக்கிறீர்களோ, ஐயா?"

அவர் மறுக்கவில்லை. உச்சிவேளை கடந்தது. ஒன்றும் நேரவில்லை. வாசலில் கணவர் மாட்டைப் பூட்டத் தொடங்கினார்.

அப்போது சுக்குப் பொறுக்கிய கை நின்றது. செண்பகவடிவின் மேலுதட்டில் வியர்வை அரும்பியது, கழுத்து நனைந்தது. அவர் சேலைத் தலைப்பைத் தளர்த்தினார். திருமலையப்பன் மணிக்கட்டைத் தொட்டார். விரலுக்கடியில் நாடி குதிரையாக ஓடியது. அடங்கியபோது அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

திருமலையப்பன் வாசலுக்குப் போனார். இது பேயல்ல, மாதவிலக்கு நின்றபின் உடம்பு படும் பாடு, சில மாதம் மருந்தும் ஓய்வும் வேண்டும், இங்கேயே இருக்கட்டும் என்றார். கணவர் நம்பாமல் பார்த்தார்.

"நிச்சயந்தானா?"

"என் விரலால் தொட்டுப் பார்த்தேன்."

வண்டி வெறுமையாகத் திரும்பியது.

திருமலையப்பன் உள்ளே வந்து ஆசிரியையின் முன் நின்றார்.

"அம்மா, இப்போது அவரை நம்புகிறேன்."

அம்மையார் மருந்து அரைப்பதை நிறுத்தவில்லை.

"இன்று அனல் வராமல் போயிருந்தால்?"