ஞானப்பழத்தின் காலில் ஏறிய உறுப்பினர்

பனையடிக்குறிச்சியில் புத்திசாலிகளும் குடியிருப்பதாகக் கேள்வி. நமக்கு அவர்களோடு பழக்கமில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் வனநேசர் சங்கம்தான். மொத்தம் நாலு பேர். சைக்கிள் கடை சிவகடாட்சம் தலைவர். தையல்காரி குணவதி செயலாளர். டீக்கடை மைதீன் பொருளாளர். ரேஷன் கடையில் எடை போடுகிற ஞானப்பழத்துக்கு மட்டும் பதவி கிடையாது. மூன்று பேரும் உத்தரவு போட ஒரு ஆள் வேண்டுமே என்று அவரைச் சும்மா உறுப்பினராக வைத்திருந்தார்கள்.

நாலு பேருக்கும் காடு என்றால் உயிர். ஊருக்கு மேற்கே இருக்கும் கருங்கானல் தேசியப் பூங்காவுக்கு மாதம் தவறாமல் போவார்கள். போவதோடு விடாமல் அதைக் காப்பாற்றவும் செய்வார்கள். ஒரு சித்திரை மாதம் வெயில் கொளுத்தியபோது, பாவம் என்று ஒரு தேக்கு மரத்துக்கு முறைவைத்து நாலு நாள் குடை பிடித்தார்கள். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்று வாசலில் எழுதிப் போட்டிருந்ததால், செவ்வாய்க்கிழமைகளில் அவர்கள் காட்டைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை.

சிவகடாட்சத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். வருஷா வருஷம் பூங்காவில் விலங்குக் கணக்கெடுப்பு நடக்கும். பொதுமக்களிலும் சிலரைச் சேர்த்துக்கொள்வார்கள். அதில் ஒரு தடவையாவது போய், தன் கண்ணால் ஒரு மிளா மானையோ முயலையோ பார்த்து, அரசாங்கத் தாளில் 'ஒன்று' என்று எழுதிவிட வேண்டும். பதினோரு வருஷமாக மனு போட்டுக்கொண்டிருந்தார். பஞ்சர் ஒட்டும்போதும் மனசு அங்கேதான் கிடக்கும். அந்த நினைப்பில் நல்ல டியூபுகளுக்கெல்லாம் பஞ்சர் ஒட்டி அனுப்பியிருக்கிறார்.

பன்னிரண்டாம் வருஷம், புதிதாக வந்த ரேஞ்சர் தமயந்தி அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க மனுவெல்லாம் படிச்சேன். ஒரு நாள் நாலு பேரும் உள்ள போய்ச் சுத்திட்டு வாங்க. வாசல் பலகையில இருக்கிற விதி ஒண்ணையும் மீறக் கூடாது. ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டறதுக்குள்ள வெளிய வந்துடணும். ஒழுங்கா நடந்துக்கிட்டீங்கன்னா கணக்கெடுப்புல நாலு இடம் உங்களுக்கு. இல்லேன்னா இனிமே மனுவே போடாதீங்க."

சிவகடாட்சத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டு வந்து, பலகையில் இருந்ததை எழுத்துவிடாமல் நாலு பேரையும் மனப்பாடம் செய்ய வைத்தார். நிறுத்தற்குறிகளையும் சேர்த்துத்தான் ஒப்பித்தார்கள்.

குறித்த நாளில் காலை ஏழு மணிக்கு உள்ளே நுழைந்தார்கள். 'சத்தம் போடக் கூடாது' என்பது முதல் விதி. ஆகவே பேச்செல்லாம் காதோடு காதாகத்தான். பத்தடி போவதற்குள் சில்வண்டுகள் காதைப் பிளக்க ஆரம்பித்தன. நாலு பேரும் திடுக்கிட்டு நின்றார்கள்.

"இதுக நம்மளத் தொலைச்சிரும் போலிருக்கே அண்ணாச்சி," என்று மைதீன் கிசுகிசுத்தார். "பலகையில மனுசனுக்கு மட்டும்னு போட்டிருக்கா?"

"போடலையே," என்றார் சிவகடாட்சம்.

குணவதி நோட்டை எடுத்து எழுதினாள்: 'சில்வண்டு, ஆயிரத்துக்கு மேல். வாயில் விரல் வைத்து எச்சரிக்கப்பட்டன.'

கொஞ்ச தூரத்தில் ஒரு குரங்கு தன் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. 'விலங்குகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது' என்பது இரண்டாம் விதி. பெண்பிள்ளை விஷயம், பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று குணவதியையே அனுப்பினார்கள். "கேட்டுக்கு வெளிய போய்க் குடுத்துக்கோ தாயி, உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது," என்று அவள் தன்மையாகச் சொன்னாள். குரங்கு பல்லைக் காட்டியது. சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு மேலே நடந்தார்கள்.

வளைவு திரும்பினால் பாதையின் நடுவே ஒரு காட்டெருமை நின்றது. மூன்றாம் விதிப்படி, விலங்கிடமிருந்து முப்பது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

"இது முப்பது மீட்டர் இருக்குமா?" என்று கேட்டார் சிவகடாட்சம்.

"கண்ணளவுல வெட்டினா ஜாக்கெட்டே பாழாப் போயிரும். அளந்துதான் ஆகணும்," என்ற குணவதி, கழுத்தில் எப்போதும் தொங்கும் டேப்பை உருவினாள். ஒன்றரை மீட்டர் டேப். இருபது தடவை வைத்தால் கணக்குச் சரியாகிவிடும்.

"எங்கேருந்து ஆரம்பிக்க?"

"விலங்கிடமிருந்துன்னுதானே போட்டிருக்கு. அங்கேருந்துதான்."

"மூக்குல இருந்தா, வாலுல இருந்தா?"

இது யோசிக்க வேண்டிய விஷயமாகப் பட்டது. கால் மணி நேரம் கலந்து பேசி மூக்கு என்று முடிவு செய்தார்கள். மைதீன் டேப்பின் தகட்டு முனையைக் கொண்டுபோய் எருமையின் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அந்த எருமை தன் ஆயுசில் புலியைப் பார்த்திருக்கும், செந்நாயைப் பார்த்திருக்கும். தன் மூக்கிலிருந்து அளவெடுக்கிறவர்களைப் பார்த்ததில்லை. பயந்து ஓடுவதா, முட்டுவதா என்று தெரியாமல் அப்படியே நின்றது. ஒன்பதாவது தடவை டேப்பை வைக்கும்போது ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டது.

"அசையாம நில்லும்வே," என்று மைதீன் கண்டித்தார். குணவதி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இப்படி ஆறு தடவை அளந்தார்கள். கடைசியில் எருமை வெறுத்துப்போய்ப் புதருக்குள் நடையைக் கட்டியது. 'காட்டெருமை, ஒன்று. ஒத்துழைக்கவில்லை,' என்று நோட்டில் ஏறியது.

மாலை ஐந்தரைக்கு வாசலுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். சிவகடாட்சத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்ணுக்கு எதிரே கேட். அந்தப் பக்கம் கணக்கெடுப்பு. இனி மிச்சம் இருந்தது கடைசி விதி மட்டும்தான்: 'காட்டிலிருந்து எதையும் எடுத்துச் செல்லக் கூடாது, காட்டில் எதையும் விட்டுச் செல்லக் கூடாது.'

செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். தலைமுடியை உதறினார்கள். பிறகு ஞானப்பழம் வேட்டியைத் தூக்கிப் பார்த்தார். கெண்டைக்காலில் ஒரு அட்டைப்பூச்சி, சுண்டுவிரல் பருமனுக்கு வீங்கி, நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"தட்டி விடும்," என்றார் மைதீன்.

"நில்லுங்க," என்று குணவதி தடுத்தாள். "அது வயித்துக்குள்ள இருக்கது யாரு ரத்தம்? ஞானப்பழம் அண்ணன் ரத்தம். அட்டையை இங்க விட்டா ரத்தத்தையும் விட்டுட்டுப் போறோம்."

"அப்ப கூட்டிட்டுப் போயிருவோம்."

"அட்டை காட்டுச் சொத்துல்லா?"

சிவகடாட்சம் அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டார். விட்டால் ஒரு குற்றம், எடுத்தால் ஒரு குற்றம். "ரத்தத்தை மட்டும் திருப்பிக் கேட்டுப் பார்ப்போமா?" என்றார் ஞானப்பழம். கேட்டுப் பார்த்தார்கள். அட்டை வாயைத் திறக்கவில்லை.

குணவதி இன்னொரு இடியையும் இறக்கினாள். "அதை விடுங்க. விலங்குக்கு உணவு குடுக்கக் கூடாதுன்னு இருக்கு. ஞானப்பழம் அண்ணன் காலையிலேருந்து குடுத்துக்கிட்டே வந்திருக்காரு."

ஞானப்பழம் அழ ஆரம்பித்தார். அழுகிற சத்தம் முதல் விதியை மீறிவிடும் என்று மைதீன் அவர் வாயைப் பொத்தினார்.

மணி ஐந்தே முக்கால். சாவிக்கொத்தோடு ரேஞ்சர் தமயந்தி வந்து என்ன ஏது என்று விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அதைப் பிய்ச்சு எறிஞ்சிட்டு வாங்க. நான் எதையும் பார்க்கல."

"நீங்க பார்க்கலேன்னாலும் பலகை பார்த்துக்கிட்டுதானே அம்மா இருக்கு?" என்றார் சிவகடாட்சம். பதினோரு வருஷ மனுவும் ஒரு அட்டையின் வயிற்றுக்குள் போய்விட்டதே என்று அவருக்கு ஆறவே இல்லை. பொய் சொல்லி உள்ளே நுழையவும் மனசு வரவில்லை. அந்த நேர்மையை நாம் மெச்சத்தான் வேண்டும்.

கேட்டைப் பூட்ட ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவருக்குப் பொறி தட்டியது.

"ஏ குணவதி, உறுப்பினர் நோட்டை எடு. இவரைச் சங்கத்துல சேர்த்திருவோம்."

"யாரை?"

"ஞானப்பழம் கால்ல இருக்கிறவரை. உறுப்பினர் ஆயிட்டா அவர் காட்டுச் சொத்து இல்ல, வனநேசர். வந்த வனநேசர் வெளிய போகலாம்லா. ரத்தமும் அவர் கூடவே வந்துரும், இங்க ஒண்ணும் விட்டுப் போகல. விலங்குக்குச் சோறு போட்டதாவும் ஆகாது. ஒரு உறுப்பினர் இன்னொரு உறுப்பினருக்குப் பகிர்ந்து குடுத்திருக்காரு, அவ்வளவுதான்."

இவ்வளவு அறிவு ஒரே தலையில் இருப்பதைக் கண்டு மூன்று பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். குணவதி நோட்டில் 'அட்டை' என்று பெயரை எழுதிக்கொண்டாள். "ஆனா அவருக்கு நுழைவுச்சீட்டு இல்லியே," என்று ஞானப்பழம் மூக்கை உறிஞ்சினார்.

தமயந்திக்கு ஆறரைக்குக் கடைசி பஸ். ஐந்தாவதாக ஒரு சீட்டைக் கிழித்து ஞானப்பழத்தின் முழங்காலுக்குக் கீழே நீட்டினார். ஐந்து வனநேசர்களும் ஆறு மணிக்குச் சரியாக வெளியே வந்தார்கள். "சொன்ன சொல்லு சொன்னதுதான். காட்டு அனுபவம் உள்ளவங்களா நாலு பேரை எழுதி நாளைக்கு அனுப்புங்க," என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாள் காலை மைதீன் கடையில் அவசரக் கூட்டம். புது உறுப்பினர் ஈரத்துணி போட்ட டீ கிளாஸில் இருந்தார். இடம் நாலு, ஆட்கள் ஐந்து. யாரை விடுவது?

"ரேஞ்சரம்மா காட்டு அனுபவம்னு சொல்லியிருக்காவ," என்று குணவதி நினைவூட்டினாள். "எனக்கு ஒம்பது வருஷம். மைதீன் அண்ணனுக்கும் ஞானப்பழம் அண்ணனுக்கும் பத்து. தலைவருக்கு எட்டு. முதல் மூணு வருஷம் மனு மட்டும்தான் போட்டிருக்காரு, காட்டுக்குப் போகல."

"இவருக்கு?"

எல்லோரும் கிளாஸைப் பார்த்தார்கள்.

"பொறந்ததே அங்கதான்," என்றார் சிவகடாட்சம் மெதுவாக. போகப் போவது தன் இடம்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் முதலில் கை தூக்கியவர் அவர்தான். நாலு பேரும் தூக்கிவிட்டார்கள். புது உறுப்பினர் மட்டும் தன்னடக்கமாக இருந்துவிட்டார்.

சிவகடாட்சம் வீட்டுக்குப் போய், கணக்கெடுப்புக்கென்று தைத்துப் பெட்டியில் மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டையைக் கொண்டுவந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கையாலேயே அட்டைக்குப் போட்டுவிட்டார். சட்டை கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தது.

"பிடிச்சுத் தைச்சிரவா அண்ணாச்சி?" என்று குணவதி கேட்டாள்.

"வேண்டாம்," என்று ஞானப்பழம் வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டினார். "கணக்கெடுப்புக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கு. நம்ம கால்ல இருந்தா உடம்பு வச்சிருவாரு."