சொல்லாத பதினோரு நாள்

தஞ்சாவூர் கரந்தையில் அறவாழி என்று ஒருவர் சிறுவர் பத்திரிகை நடத்திவந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் கதை எழுதக் கற்றுக்கொள்ள அவரிடம் வருவார்கள். அவருக்கு நாற்பத்து நான்கு வயது. மாணவர்களில் மூத்தவரான மங்களேஸ்வரிக்கு அறுபத்து மூன்று. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு எழுத வந்தவர். ஆறு வருஷம் எழுதி, அடித்து, மறுபடி எழுதித் தன் முதல் நாவலை முடித்தார். அறவாழியே அதைப் பதிப்பித்தார்.

நாவலின் பெயர் ‘தமு கடந்து’. பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பதற்காக எழுதியது. யுத்தத்தில் ரங்கூன்மேல் குண்டு விழுந்த பிறகு, 1942இல், பர்மாவின் எல்லை ஊரான தமு வழியாகக் காடும் மலையும் தாண்டி நடந்தே இந்தியா வந்து சேர்ந்த தமிழர்களின் கதை. அதில் வரும் அலமேலுவுக்குப் பதின்மூன்று வயது. மங்களேஸ்வரியின் அம்மா சௌந்தரவல்லியும் அந்த வயதில் அந்த வழியாக நடந்து வந்தவர்தான்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், வகுப்பு இல்லாத நாளில், மங்களேஸ்வரி வந்தார். நாவலின் இரண்டாம் பதிப்புக்காகப் பிழை பார்க்கும் மெய்ப்புத் தாள்கள் மேசைமேல் இருந்தன.

“அச்சுக்குப் போகலையே சார்?”

“நாளைக்குப் போகுது.”

“அப்படின்னா எட்டாம் அத்தியாயத்தை எடுத்துடுங்க.”

அறவாழி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “உட்காருங்க. என்ன நடந்தது?”

முந்தின நாள் ஒரு பெண்கள் பள்ளியில் நாவலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இருநூறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். ரங்கூன் தெருக்கள் எப்படி இருந்தன, சிந்த்வின் ஆற்றில் படகு எப்படிப் போகும் என்றெல்லாம் மங்களேஸ்வரி சந்தோஷமாகச் சொன்னார். அம்மாவின் குரலே தன் தொண்டையில் வந்துவிட்டதுபோல் இருந்தது அவருக்கு. கடைசியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

“அலமேலுவோட தம்பி துரைக்கண்ணு மலையில காய்ச்சல் வந்து செத்துப்போறானே மேடம், அது நிஜமா?”

“இல்லம்மா. அது நானா சேர்த்தது. எங்கம்மாவுக்குத் தம்பியே கிடையாது.”

அந்தப் பெண் உடனே உட்காரவில்லை.

“அப்ப நான் சும்மாவா அழுதேன்?” என்று கேட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்தும் மங்களேஸ்வரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“அம்மா தான் நடந்து வந்த கதையை எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருப்பாங்க சார்” என்றார் அறவாழியிடம். “மாண்டலேல ரயில்லேர்ந்து தாத்தாவோட குடை விழுந்தது, படகுக்காரன் எல்லாருக்கும் கரும்பு வெட்டிக் கொடுத்தது, எல்லாம் சொல்லுவாங்க. தமுங்கற ஊர் வரைக்கும் சொல்லுவாங்க. அதுக்கப்புறம், ‘மலை ஏறினோம், இறங்கினோம், இம்பால் வந்துட்டோம்’. அவ்வளவுதான். ஏறி இறங்கினது பதினோரு நாள். அதுல ஒரு நாளைப் பத்திக்கூடச் சொன்னதில்லை. கேட்டா, ‘மழைடி, ஒண்ணும் தெரியல’ன்னுடுவாங்க.”

“ம்.”

“அந்தப் பதினோரு நாளைத்தான் எட்டாம் அத்தியாயத்துல நான் என் இஷ்டத்துக்கு ரொப்பி வச்சிருக்கேன். அம்மா இருந்திருந்தா மூஞ்சியைப் பார்த்திருக்க முடியாது. அந்தப் பொண்ணையும் ஏமாத்திட்டேன்.”

அறவாழி எட்டாம் அத்தியாயத்தின் தாள்களைத் தனியே எடுத்து அவர் முன்னால் வைத்தார். ஒரு சிவப்புப் பேனாவையும் கொடுத்தார்.

“மொத்தமா எடுக்க வேண்டாம். வாசிங்க. எது பொய்யோ அதை மட்டும் அடிங்க.”

மங்களேஸ்வரி பேனாவின் மூடியைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே ஒரு வரியின்மேல் முனையை வைத்தார்.

“சத்தமா” என்றார் அறவாழி.

“‘அலமேலு பாவாடை நுனியில் ஒரு பிடி அரிசியை முடிந்துகொண்டாள்.’”

“அடிங்க.”

“இல்ல சார், இது…” மங்களேஸ்வரி பேனாவைத் தூக்கினார். “அம்மா எங்கே கிளம்பினாலும் முந்தானையில ஒரு பிடி அரிசி முடிஞ்சுக்குவாங்க. பெரிய கோயிலுக்குப் போனாக்கூட. சினிமாக் கொட்டகையில அந்த முடிச்சைப் பிடிச்சு விளையாடிக்கிட்டே நான் தூங்கிப்போயிருக்கேன்.”

“அப்ப அடுத்தது.”

“‘மழை விடும்வரை அவள் படுக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.’” பேனா அசையவில்லை. “கீழவாசல்ல எங்க பழைய வீட்ல மழை பிடிச்சா அம்மா அடுக்களை வாசப்படியில இப்படித்தான் உட்கார்ந்திருப்பாங்க. வீடு ஒழுகக்கூட ஒழுகாது. அப்பா கூப்பிடுவாரு. வர மாட்டாங்க. மறுநாள் வாழைத்தண்டு நறுக்கிப் போட்டு மொய்ங்கா பண்ணுவாங்க. பர்மாக்காரங்க மீன் குழம்பு சார் அது. அந்த வாசனை வந்தாத்தான் மழை விட்டுச்சுன்னு எங்களுக்கு அர்த்தம்.”

மங்களேஸ்வரி பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தில், வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் அலமேலுவுக்கு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்துவிட்டு, மனிதர்கள் எல்லோரும் சகோதரர்கள் என்று பேசுகிறான். பத்து வரி.

“இது முழுப் பொய்” என்று சொல்லி, ஒரே இழுப்பில் அடித்தார். “நல்லா இருக்குமேன்னு போட்டேன்.”

“எனக்கும் அவனைப் பிடிக்கல” என்றார் அறவாழி.

மங்களேஸ்வரி சிரித்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

மேலும் பல பக்கங்கள் போயின. சில இடங்களில் சிவப்புக் கோடு விழுந்தது, பல இடங்களில் பேனா தயங்கித் திரும்பியது. ஈரத் துணியால் குழந்தையின் உதட்டைத் துடைக்கும் விதம், தனக்குத் தட்டம்மை வந்தபோது அம்மா செய்தது. எவ்வளவு தாகமானாலும் பிள்ளைகள் குடித்த பிறகே தண்ணீர் குடிப்பதும் அம்மாதான். இவற்றையெல்லாம் எழுதும்போது, தானே கற்பனை செய்வதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

துரைக்கண்ணுவைப் புதைத்துவிட்டு வரும் பக்கம் வந்தது. மங்களேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இதை அடிச்சாகணும் சார். இதுக்காகத்தான் வந்தேன்.”

“வாசிச்சிட்டு அடிங்க.”

“‘அன்று சாயங்காலம் அம்மா கஞ்சி காய்ச்சினாள். ஊற்றுவதற்கு முன் அலமேலு ஆட்களை எண்ணினாள். ஒன்று அதிகமாக வந்தது.’”

“இது எங்கேர்ந்து வந்தது?” என்று கேட்டார் அறவாழி.

“எங்க வீட்லேர்ந்துதான்” என்றார் மங்களேஸ்வரி. முகத்தில் பழைய சிரிப்பு ஒன்று வந்தது. “நாங்க மூணு பிள்ளைங்க. சாயங்காலம் விளையாடிட்டு வந்து கை கால் கழுவிக்கிட்டு வரிசையா உட்காருவோம். ரேடியோவுல செய்தி ஓடும். அலுமினியத் தட்டு போடறதுக்கு முன்னால அம்மா ஒவ்வொருத்தர் தலையையும் தொட்டு எண்ணுவாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. தினமும் நாலுதான் வரும். அப்பா, ‘நாலாவது யாரு சௌந்தரம், பூனையா?’ம்பாரு. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். ‘எனக்கு எங்கே கணக்கு வருது’ன்னு அம்மாவும் சிரிப்பாங்க. அப்புறம் நாலாவது தட்டை எடுத்து உள்ளே வச்சிடுவாங்க.”

“கணக்கு வராதா அவங்களுக்கு?”

“வராம என்ன? எங்களுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் சொல்லிக்கொடுத்ததே அம்மாதா…”

மங்களேஸ்வரி பாதியில் நின்றார்.

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்திப் பூட்டும் சத்தம் கேட்டது. பேனாவிலிருந்து ஒரு சொட்டுச் சிவப்பு தாளின் ஓரத்தில் ஊறிப் பரவியது. மங்களேஸ்வரி அதைக் கவனிக்கவில்லை. கீழவாசல் வீட்டின் கூடத்தில், அம்மா நாலாவதாகக் கையை நீட்டும் இடம் அவர் கண்முன் வந்தது. அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் அம்மாவின் கை, ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில் வந்து நிற்கும். அது ஒவ்வொரு நாளும் அதே உயரம். சிரித்த சிரிப்பில் இதை யாருமே பார்த்ததில்லை.

கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கூட நடந்து வந்த அம்மாவின் அண்ணனும் இப்போது இல்லை.

மங்களேஸ்வரி பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

“அம்மா யாரை எண்ணினாங்க சார்?”

அறவாழி தாள்களை வரிசையாக அடுக்கினார்.

“அது எனக்குத் தெரியாது” என்றார். “துரைக்கண்ணுன்னு பேர் வச்சது நீங்க.”