கிளம்பியாச்சு

அரக்கோணத்தில் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு நடத்திவந்த கங்காதரனுக்கு, பன்னிரண்டு டென்ஸும் தன் வீட்டுக் கொல்லையில் காய்த்தவை என்கிற நினைப்பு. அங்கே பெருக்கித் துடைக்கும் அஞ்சலை, மூன்று வருஷமாக ஜன்னலோரம் நின்றே அவ்வளவையும் காதில் வாங்கியிருந்தாள். ஒருநாள், "நானும் உட்கார்ந்து படிக்கிறேன் சார்" என்று கேட்டேவிட்டாள்.

வகுப்பே பார்க்க அவர் சிரித்தார். "என் இங்கிலீஷ்ல ஒரே ஒரு டென்ஸ் தப்பு கண்டுபிடி, முதல் பெஞ்சுலயே உட்கார வைக்கிறேன். முடியலைன்னா இனிமே ஜன்னல் பக்கம்கூட வரக்கூடாது."

"சரி சார்" என்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. ஏதோ பள்ளிக்கூட விழாவுக்கு அவர்தான் தலைமை. அங்கே எல்லோரும் காத்திருந்தார்கள். நாற்காலியில் சாய்ந்தபடியே, "ஐ ஹேவ் லெஃப்ட், சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"தப்பு சார்," என்றாள் அஞ்சலை. "ஹேவ் லெஃப்ட்னா கிளம்பியாச்சுன்னு அர்த்தம். நீங்க இன்னும் எழுந்திரிக்கவே இல்லை. ஐ வில் லீவ்னுதான் வரணும்."

"டென்ஸெல்லாம் சரிதான்," என்று உறுமினார்.

"அப்படின்னா பொய் சொன்னீங்கன்னு ஆயிடும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

முப்பது பேர் பேனாவும் கையுமாக அவர் வாயையே பார்த்தார்கள். கங்காதரன் தொண்டையைச் செருமினார். "டென்ஸ்தான் தப்பு."

மறுநாள் வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயரை அவரே எழுதி, அவரே கூப்பிட்டார். முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அஞ்சலை, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி சொன்னாள்: "பிரசென்ட், சார்."