கொசுக்கள் நன்றி சொன்ன அரசன்

அரசர்கள் மலிந்து கிடந்த காலம். ஊருக்கு ஒருவன் இருந்தான். வெள்ளூருக்கு வாய்த்தவன் வில்லவராயன்.

அரண்மனையை ஒட்டி ஊர்க்குளம். மழை பெய்தால் தவளை கத்தும். அரசனுக்குத் தூக்கம் போயிற்று. அமைச்சர் மாவலியை அழைத்தான்.

"நிறுத்தச் சொல்."

"சொன்னோம், மன்னா. கேட்கவில்லை."

முரசு அடித்தார்கள். தவளை நிறுத்தவில்லை. பந்தம் கொளுத்தினார்கள். நிறுத்தவில்லை. வலை போட்டு அரித்தார்கள். தவளைகளைக் கூடை கூடையாக அள்ளி, எல்லைக்கு அப்பால் ஓர் ஏரியில் கொட்டினார்கள். வலையில் மீனும் வந்தது. அதைக் குழம்பு வைத்தார்கள். குளம் அடங்கிற்று. அரசன் தூங்கினான்.

பிறகு ஊரில் குளிர்காய்ச்சல் வந்தது. அரசன் மகள் நாகம்மையும் படுத்தாள். வைத்தியர் கஷாயம் கொடுப்பார், இறங்கும். மறுபடி ஏறும். பிள்ளை குச்சியாகிவிட்டாள். காரணம் ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் மூன்று கொசுக்கள் சபைக்கு வந்தன. மூத்தது பேசியது.

"மகராஜா நன்றாயிருக்க வேண்டும். நாங்கள் குளத்தில் முட்டையிடுகிறவர்கள். முன்பு எங்கள் பிள்ளைகளை மீன் தின்னும். தப்பிப் பறந்தால் தவளை தின்னும். இப்போது எல்லாமே ஆளாகிவிட்டன. நன்றி சொல்லிப் போக வந்தோம்."

"அத்தனை பேருக்கும் சாப்பாடு?"

"குறைவில்லை. இளவரசி அறையில் சாளரம் திறந்தே இருக்கிறது."

அரசன் தவளைகளைத் திரும்ப அழைத்துவரச் சொல்லி, மாவலியை ஏரிக்கு அனுப்பினான். மாவலி திரும்பி வந்தார்.

"வருகிறார்களா?"

"தாங்களே போய்க் கூப்பிட வேண்டுமாம். அவர்கள் பாஷையில்."

"அதாவது?"

"கத்த வேண்டும், மன்னா."

உள்ளே நாகம்மையின் பல் குளிரில் கிடுகிடுக்கும் சத்தம் கேட்டது. அரசன் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தான். ஏரிக்கரையில் குந்தினான். பின்னாலேயே வந்த ஊர் வேடிக்கை பார்த்தது.

ஒருமுறை கத்தினான்.

"கட்டளை மாதிரி இருக்கிறது," என்றது கிழத்தவளை.

மறுமுறை கத்தினான்.

"இது அழுகை."

மூன்றாம் முறை தொண்டை கிழியக் கத்தினான். கூட்டத்தில் சிரித்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"சுமார்தான். தகப்பன் குரல் இருக்கிறது, வருகிறோம். மீனையும் கொண்டுவந்து விடச் சொல். நாங்கள் மட்டும் தின்று தீராது."

விட்டார்கள். தவளைகளும் குளத்துக்குத் திரும்பின. கொசு குறைந்தது. புதிதாகக் கடி விழவில்லை. அதே கஷாயம் இப்போது கேட்டது. நாகம்மை எழுந்து கஞ்சி கேட்டாள், உப்புப் போதவில்லை என்றாள். ஊரும் மெல்ல எழுந்தது.

நீரில் வாழ்வதை விரட்டுகிறவன், நோயைத் தன் வீட்டுக்கே அழைக்கிறான்.