சிவப்பு டின் பெட்ரோல்

மருதங்கோட்டை ராஜாவிடம் ஒரு மோட்டார் வண்டி இருந்தது. சமஸ்தானத்திலேயே அது ஒன்றுதான் என்பதால் அதற்கு எதிலும் குறை வைக்கக் கூடாது என்று ராஜா நினைத்தார். பட்டு மெத்தை, வெள்ளியில் சின்னம், துடைப்பதற்குப் பன்னீர் கலந்த தண்ணீர். பெட்ரோல் மட்டும் எல்லோருக்கும் கிடைக்கிற சாதாரண டின்னில் வந்துகொண்டிருந்தது. இந்தக் குறையைக் கண்டுபிடித்தவர் திவான் வரதராஜுலு. அவருடைய மைத்துனர் பட்டணத்தில் பெட்ரோல் ஏஜெண்டாகி அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது.

சிவப்பு டின்னில் வருவது உயர்ந்த ரகம் என்றார் திவான். விலை இரண்டு மடங்கு, ஆனால் வண்டி பறக்கும். ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. இருந்தாலும் ஒரு வார்த்தைக்கு டிரைவர் சவரிமுத்துவைச் சபைக்குக் கூப்பிட்டுக் கேட்டார்.

சவரிமுத்து மதுரையில் தொழில் கற்றவன். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவது ஒன்றுதான் அவனுடைய கெட்ட பழக்கம்.

"அழுத்தம் கூடின என்ஜினுக்குத்தான் அது வேணும், மகாராஜா. நம்ம வண்டிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"மகாராஜாவின் வண்டி சாதாரண வண்டி என்கிறான்" என்று திவான் மெதுவாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு சவரிமுத்து சொன்ன எதுவும் எடுபடவில்லை. சோதித்துப் பார்த்துவிடுவது என்று ராஜா முடிவு செய்தார். செவ்வாய்க்கிழமை சிவப்பு டின், வெள்ளிக்கிழமை சாதாரண டின். இரண்டு நாளும் அரண்மனை வாசலிலிருந்து மலையடிவாரக் கோயில் வரை பவனி. நேரம் பார்ப்பவர் திவான். சிவப்பு டின் முந்தினால் சவரிமுத்து வேலையை விட்டுப் போக வேண்டும்.

இரண்டும் ஒரே நேரம் காட்டினால் என்ன செய்வது என்று சவரிமுத்து கேட்டான்.

"அப்போதும் உயர்ந்தது உயர்ந்ததுதான். நீ போக வேண்டியதுதான்" என்றார் திவான். ராஜாவும் தலையசைத்தார்.

இரண்டும் ஒன்று என்று சொன்னவனே சவரிமுத்துதான். இப்போது சாதாரண டின் ஜெயித்தால்தான் அவனுக்கு வேலை. வேலை போனால் மோட்டார் ஷெட்டை ஒட்டிய வீடும் போகும். மனைவி ஆரோக்கியத்துக்கு ஏழாம் மாதம்.

அவன் காளத்தியப்பரிடம் போனான். அரண்மனையில் காளத்தியப்பருக்கு இன்ன வேலை என்று கிடையாது. ராஜாவுக்குப் பதில் தெரியாத இடங்களில் பதில் சொல்வார். அவர் வெற்றிலையை மென்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இரண்டு நாளும் உன் வழக்கப்படி ஓட்டு. நீயாக எதையும் செய்துவைக்காதே."

"அப்படி ஓட்டினா ரெண்டும் ஒரே நேரந்தானேங்க வரும்?"

"உன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையே, பிறகு ஏன் பதில் சொல்கிறாய்?" என்றார் காளத்தியப்பர்.

செவ்வாய்க்கிழமை பவனி கிளம்பியது. முன்னால் பட்டத்து யானை, அதன் மேல் நகரா முரசு, பின்னால் மோட்டார், அதற்கும் பின்னால் கொடியும் குடையும். ராஜா கண்ணை மூடிக்கொண்டு மெத்தையில் சாய்ந்திருந்தார். மிதப்பதுபோல இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். சவரிமுத்து எப்போதும்போல முதல் கியரில், கிளட்சை மிதித்து மிதித்துக் கால் கடுக்க ஓட்டினான். நாற்பத்திரண்டு நிமிஷம்.

வெள்ளிக்கிழமை அவனே சாதாரண டின்னை ஊற்றினான். பவனி கடைத்தெருவைத் தாண்டியதும் என்ஜின் இரைந்தது. அவன் கை தானாகக் கியரை மாற்றியது. மூன்று வருஷத்தில் அந்த வண்டி இரண்டாவது கியரைப் பார்த்தது அன்றைக்குத்தான். குடை பிடித்தவர்கள் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். கோயில் வாசலில் திவான் கடிகாரத்தைக் குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். முப்பத்தொரு நிமிஷம்.

"இவன் பெட்ரோலில் எதையோ கலந்திருக்கிறான்" என்றார் திவான்.

ராஜா சவரிமுத்துவைப் பார்த்தார். தெரியாது என்று சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள் காளத்தியப்பர் முன்னால் வந்தார்.

"போட்டது நான், மகாராஜா. ஆனால் வண்டியில் போடவில்லை."

அவர் கையைக் காட்டிய இடத்தில், கோயில் மதிலோரம், பட்டத்து யானை ஒரு கட்டுக் கரும்பைத் தின்றுகொண்டிருந்தது.

"நேற்று சாயங்காலம் இதே இடத்தில் ஒரு கட்டு கொடுத்தோம். இன்று காலைத் தீனியைக் கொஞ்சம் குறைத்தோம். யானைக்கு ஞாபகசக்தி அதிகம். ராஜா பவனியில் பட்டத்து யானையை எதுவும் முந்தக் கூடாது என்பது தங்கள் பாட்டனார் வைத்த வழக்கம். மோட்டார் வந்த பிறகும் அதை யாரும் மாற்றவில்லை. உயர்ந்த ரகம் வாங்குவது நல்லதுதான், மகாராஜா. அதை முன்னால் போகிறவருக்குப் போட வேண்டும்."

ராஜா யானையைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை தாம் மிதந்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மெத்தை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். காளத்தியப்பருக்கு ஒரு சால்வை கிடைத்தது. சவரிமுத்துவுக்கு வேலை மிஞ்சியது. சிவப்பு டின்கள் பட்டணத்துக்குத் திரும்பின. யானையைப் பின்னால் விடலாமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. வழக்கம் வழக்கம்தானே.

அடுத்த மாதம் திவானின் மைத்துனர் பட்டணத்திலிருந்து கரும்பு அனுப்பினார். உயர்ந்த ரகம், சிவப்புக் கயிறு கட்டியது, இரண்டு மடங்கு விலை. இதைத் தின்றால் யானை பறக்கும் என்று திவான் சபையில் சொன்னார். ராஜாவுக்கு ஆசை வந்தது. ஒரு வார்த்தைக்குச் சவரிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

சவரிமுத்து கைகட்டி நின்றான். ஆரோக்கியத்துக்கு அது எட்டாம் மாதம்.

"யானையைத்தான் கேக்கணும், மகாராஜா" என்றான்.