ஆயுதம் எடுக்குமுன் சொன்ன சொல்

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டைக் கோதண்டவர்மன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் பிறந்த ஆசை மாலைக்குள் நிறைவேறியாக வேண்டும். ஒருநாள் அரண்மனைக் குளத்தில் ஓடம் விட ஆசைப்பட்டு, ஏரி மதகைத் திறந்து நீரைத் திருப்ப ஆணையிட்டான். அதுவோ நெற்பயிர் கதிர் பிடிக்கும் சமயம். ஊர் பட்டினி கிடக்கும், வேண்டாம் என்று அமைச்சர் நல்லாதனார் சபையிலேயே தடுத்தார்.

அமைச்சர் பதவிமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த பிங்கலர் மெல்ல எழுந்தார்.

"அரசே, இலங்கை வேந்தனுக்குத் தம்பியர் இருவர். உறக்கம் கலைந்து எழுந்தவன் அண்ணனுக்காக உயிரைக் கொடுத்தான். மற்றவன் பகைவனிடம் போய்ச் சேர்ந்தான். அடியேன் முதலாமவன். அமைச்சர் எவர் என்று அவரையே கேட்டருளுங்கள்."

அரசனும் கேட்டான். விடை பிடிக்காவிட்டால் அமைச்சர் பதவிக்குரிய முத்திரை மோதிரத்தைக் கழற்றிவிடலாம் என்றும் சொன்னான்.

முதலாமவன் என்றால் மதகைத் திறக்க வேண்டும். இரண்டாமவன் என்றால் துரோகிப் பட்டம். ஆயினும் நல்லாதனார் உள்ளூரச் சிரித்துக்கொண்டார். ஆண்டுதோறும் கோயிலில் அந்தக் கதை ஒரு மாதம் நடக்கும். முதல் தம்பி போரில் விழும் நாளில்தான் நெய் சொட்டும் சர்க்கரைப் பொங்கல் உண்டு. பிங்கலர் அன்றைக்குத்தான் வருவார். அதற்கு முன் நடந்த கதை அவர் காதில் விழுந்ததே இல்லை.

"மகிழ்ச்சி, பிங்கலரே. அந்த முதல் தம்பி ஆயுதம் எடுக்குமுன் அண்ணனிடம் என்ன சொன்னான்?"

"வேறென்ன சொல்வான்? தங்கள் சித்தம் என்றிருப்பான்."

"இல்லை ஐயா. நீ செய்தது தவறு, அவளைத் திருப்பி அனுப்பு என்றான். மற்றவனும் அதையேதான் சொன்னான். ஒருவன் சொல்லிவிட்டு உடனிருந்தான். ஒருவன் சொல்லிவிட்டு விலகினான். ஒன்றும் சொல்லாமல் தலையாட்டியவர்களும் அந்தச் சபையில் இருந்தார்கள், அரசே. இலங்கைக்கு முதலில் தீ வைத்தவர்கள் அவர்கள்தாம்."

அரசன் முகம் இறுகியது. "அப்படியும் நான் மதகைத் திறந்தால்?"

"மோதிரத்தைத் தங்கள் காலடியில் வைத்துவிட்டு மதகின்முன் போய் அமர்வேன். பகைவனிடம் போகமாட்டேன்."

அரசன் பிங்கலர் பக்கம் திரும்பினான். "நீர்தாம் முதல் தம்பியாயிற்றே. என் குறை ஒன்றைச் சொல்லும்."

"குறையா? தங்களிடமா?"

பிறரிடம் ஊழியம் செய்வோர் இந்த இடத்தில் சற்றே நிற்க வேண்டும். தலைவரின் தவறு தெரிந்தும் வாயை மூடிக்கொள்பவன், தன் பதவிக்கு மட்டுமே விசுவாசமாக இருக்கிறான்.

மதகு திறக்கப்படவில்லை. அரசன் தன் பட்டுச் சால்வையை அமைச்சருக்குப் போர்த்தினான். ஒரு குறை சொல்லும்வரை பிங்கலர் நின்றுகொண்டே இருக்கட்டும் என்றான்.

தங்களுக்குக் கருணை அதிகம் என்றார் பிங்கலர். அது புகழ்ச்சி, நில்லும் என்றான் அரசன். ஈகை மிகுதி என்றார். அதற்கும் அதே பதில். விளக்கேற்றும் வேளையில் அவர் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"என்னைப் போன்ற ஒருவனை இத்தனை காலம் அருகில் வைத்திருந்தீர்களே, அதுதான் தங்கள் குறை."

அரசன் தானே ஓர் ஆசனத்தை அவர்பக்கம் நகர்த்தினான்.

"உட்காரும், பிங்கலரே. இன்றுதான் நீர் என்னிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்."