மணியக்காரர் தின்ற விதைக்கிழங்கு

வெயில் ஏறினாலும் பனி விலகாத ஒரு மலையூர்ல, சடச்சி, சடச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ வீட்டுக்குப் பின்னால நாலு பாத்தி. நாலுலயும் பீட்ரூட். சந்தைக்கு வர்ற பீட்ரூட் இல்ல கண்ணுகளா, அவ அம்மாவோட அம்மா காலத்துல இருந்து விதை மாறாம வர்றது. வெட்டினா வளையத்துக்குள்ள வளையம், அதுக்குள்ள இன்னொரு வளையம். பார்த்தவங்க கத்தியைக் கீழ வச்சிட்டு வளையத்தை எண்ண ஆரம்பிச்சிடுவாங்களாம்.

அந்தக் கிழங்கு முதல் வருசம் விதை தராது. பிடுங்காம விட்டு, குளிர்காலம் முழுக்கப் பனியில கிடந்தாத்தான் மறுவருசம் தண்டு விட்டுப் பூக்கும். அதனால மத்ததையெல்லாம் பொரியல் பண்ணித் தின்னாலும், இருக்கிறதுலயே நல்லதா மூணை மட்டும் சடச்சி தொடவே மாட்டா. அந்த வருசம் பார்த்து, பானையில இருந்த பழைய விதையை எலி தின்னுடுச்சு. இனி அந்த மூணும் போச்சுன்னா வம்சமே போச்சு.

ஊர் மணியக்காரர் பெரியகருப்பனுக்கு அதுமேல நாக்கு ஊறிச்சு. முதல் நாள் வந்து, "ஒண்ணே ஒண்ணு குடு தாயி"ன்னார்.

"அது விதைக்குங்க ஐயா"ன்னா சடச்சி.

ரெண்டாம் நாள் வந்து, "நான் கேட்டு இந்த ஊர்ல யாரும் இல்லேன்னதில்ல"ன்னு மிரட்டினார்.

"என் சோத்தைக் கேளுங்க, தர்றேன். விதையைக் கேக்காதீங்க"ன்னா.

மூணாம் நாள் அவர் கேக்கவே இல்ல. சடச்சி தண்ணிக்குப் போன நேரம் பார்த்து வேலியைத் தாண்டி, மூணையும் பிடுங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் வேகவச்சு, பொண்டாட்டிக்குக்கூடக் குடுக்காம ஒத்தை ஆளா தின்னுட்டார். சடச்சி வந்து பார்த்தா மண்ணுல மூணு குழி. ஒவ்வொரு குழியிலயும் கையை விட்டுத் துழாவினா, ஒண்ணும் இல்ல.

மறுநாள் காலையில மணியக்காரர் ஒண்ணுக்குப் போனார். போனா, செக்கச்செவேல்னு வருது! சிரிக்காதீங்க, அவருக்கு உசுரே போயிடுச்சு. "ஐயோ, ரத்தம் கொட்டுதே! நான் சாகப்போறேனே!"ன்னு கத்தின கத்துல ஊரே கூடிடுச்சு.

வைத்தியர் வந்து, "மணியக்காரரே, நேத்து என்ன சாப்பிட்டீங்க? உண்மையைச் சொன்னாத்தான் மருந்து"ன்னார்.

"கேப்பைக் களி."

"களிக்கு இப்படி வராதே."

"கத்தரிக்காய்."

"அதுக்கும் வராதே."

கூட்டத்துல நின்ன சடச்சிக்கு விசயம் புரிஞ்சுபோச்சு. அவர் வாயாலயே வரட்டும்னு காத்திருந்தா.

"என்னங்க, சாகப்போற நேரத்துல என்ன வெக்கம்? சொல்லித் தொலைங்களேன்!"னு பொண்டாட்டி அழுதா.

"சடச்சி தோட்டத்துக் கிழங்குய்யா! மூணையும் நான்தான் தின்னேன்!"

ஊரே சிரிச்சுது. சடச்சி மட்டும் சிரிக்கல. "அது கிழங்கோட நிறம்தான், ஐயா சாக மாட்டீங்க. இலை முளைக்கிற தலைப்பக்கத்தை என்ன பண்ணினீங்க?"

"வேகவைக்கிறதுக்கு முன்னாலயே வெட்டிக் குப்பையில போட்டேன்."

ஓடினா. குப்பையைக் கிளறினா. மூணு கொண்டையும் கிடந்துது, நடுக்குருத்து வாடாம, அடியில ரெண்டு விரல் சதையோட. கொண்டுவந்து மணல் கலந்த மண்ணுல ஊனினா. குளிர்காலம் முழுக்க மணியக்காரர்தான் தண்ணி சுமக்கணும்னு ஊர் சொல்லிடுச்சு. அவரும் சுமந்தார், முணுமுணுத்துக்கிட்டே சுமந்தார், கடைசியில முணுமுணுக்காமலும் சுமந்தார்.

குளிர்காலம் கழிஞ்சதும் மூணுலயும் தண்டு கிளம்புச்சு. அவர் இடுப்புக்கு வந்துது, தோளுக்கு வந்துது, தலைக்கு மேல போச்சு. காத்து அடிச்சா பூந்தூள் ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் பறந்துது. அப்புறம் முண்டு முண்டா விதை, தண்டு பூராவும் விதை. அதுல ஒரு முண்டு விதையை ஊனினா, ஒரு முளை இல்ல, மூணு முளை சிவப்பா எட்டிப் பார்த்துது!

மணியக்காரர் மண்டி போட்டு அதைப் பார்த்தார். "தாயி, இவ்வளவையுமா நான் ஒரு வேளையில தின்னேன்?"ன்னார்.

"ஆமாங்கய்யா"ன்னா சடச்சி.

அடுத்தவங்க விதையைத் தின்னவருக்கு அதுக்குமேல தண்டனை வேண்டியிருக்கல. அவ்வளவுதான் கதை. எல்லாரும் கையைக் கழுவிட்டு வாங்க, பீட்ரூட் பொரியல் ஆறிடப் போகுது.